தலைக்காயத்துக்கு டிரானெக்சாமிக் அமிலம்: முதல் மருத்துவமனையிலா, ஸ்கேன் பார்த்த பிறகா?

டெல்டாவின் ஏதோ ஒரு வட்ட மருத்துவமனையில், தலையில் அடிபட்ட ஒருவரை இரவு நேரத்தில் கொண்டுவந்து கிடத்தும்போது, பணியில் இருக்கும் மருத்துவர் அடுத்தடுத்து எடுக்க வேண்டிய முடிவுகளில் டிரானெக்சாமிக் அமிலம் பற்றியதும் ஒன்று. ரத்த உறைவு கரைந்துவிடாமல் காக்கும் இந்த ஊசியை அங்கேயே போட்டு அனுப்பலாம். அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஸ்கேன் பார்த்த பிறகு அங்குள்ளவர்கள் முடிவுசெய்யட்டும் என்று விடலாம். 108 வண்டியிலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்ற கேள்வியும் உண்டு. எந்த அளவில் போடுவது, இதற்குப் பதிலாகவோ இதனுடன் சேர்த்தோ வேறு மருந்து கொடுப்பதா என்பவையும் இதையொட்டியே வருகின்றன. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நினைவு குறைந்திருந்தும் கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்குகிற நோயாளிக்கு, அடிபட்ட நேரம் தெளிவாகத் தெரிந்து மூன்று மணி நேரம் கடந்திராவிட்டால், முதலில் வந்து சேர்கிற மருத்துவமனையிலேயே போடுவதே இந்தப் பகுதிக்குப் பொருத்தம். ஆயினும் எதிர்ப்பக்கத்து வாதங்கள் சாதாரணமானவை அல்ல.

மருந்தின் வேலை எளியது. ரத்தக் குழாய் கிழிந்த இடத்தில் ஃபைப்ரின் இழைகளால் உறைவு உண்டாகிறது. சற்று நேரத்தில் பிளாஸ்மின் என்னும் நொதி அந்த இழைகளைக் கரைக்கத் தொடங்குகிறது. பிளாஸ்மினாக மாறும் முன்வடிவமான பிளாஸ்மினோஜென் ஃபைப்ரினைப் பற்றிக்கொள்ளும் இடங்களை டிரானெக்சாமிக் அமிலம் அடைத்துவிடுவதால், உறைவு கரைவது தடைப்படுகிறது. ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒகமோத்தோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோத்தோவும் 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார்கள். அதிக மாதவிடாய்ப் போக்குக்கு இதே மருந்தை மாத்திரையாக எடுத்துக்கொண்ட பெண்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள்.

உறவினர்கள் உடனே கேட்பது ஒன்றுதான்: "ரத்தத்தை உறைய வைக்கிற ஊசின்னா, மூளையில கட்டி வந்துடாதா டாக்டர்?" நியாயமான கேள்வி. இது புதிதாக உறைவை உண்டாக்குவதில்லை. கொள்ளிடக் கரை உடைப்பெடுத்த இடத்தில் அடுக்கிய மண்மூட்டைகளை நீர் அரித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதைப் போன்ற வேலை இது. அடிபட்ட மூளையில் முதல் சில மணி நேரங்களுக்கு ரத்தக்கசிவு பெருகிக்கொண்டே போகக்கூடும். அந்தப் பெருக்கத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கம். ஏற்கெனவே தேங்கிய ரத்தத்தை இது அகற்றாது; நசுங்கிய மூளைத் திசுவை மீட்காது.

இனி ஆதாரங்கள். 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு 40 நாடுகளில் 20,211 விபத்து நோயாளிகளைச் சேர்த்தது. மருந்து பெற்றவர்களில் 14.5 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 16 விழுக்காட்டினரும் இறந்தார்கள். அது உடலெங்கும் ரத்தப்போக்கு உள்ளவர்களைப் பற்றியது. மண்டைக்குள் நிகழும் கசிவுக்கென்றே நடத்தப்பட்ட கிராஷ்-3 ஆய்வின் முடிவுகள் 2019இல் வந்தன: 29 நாடுகள், 12,737 நோயாளிகள், அவர்களில் 9,202 பேர் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். இந்த 9,202 பேரில் தலைக்காயத்தால் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 18.5 விழுக்காடு, பெறாத பிரிவில் 19.8 விழுக்காடு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் கணக்கால் விலக்க முடியவில்லை. இந்த மருந்தை உற்சாகமாகப் பரிந்துரைக்கும் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள்.

உள்ளே பிரித்துப் பார்க்கும்போதுதான் படம் மாறுகிறது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை போடப்படும் ஜி.சி.எஸ். மதிப்பெண் 9க்கும் 15க்கும் இடையில் இருந்தவர்களில் இறப்பு 7.5 விழுக்காட்டிலிருந்து 5.8 ஆகக் குறைந்தது. அதாவது ஏறத்தாழ அறுபது பேருக்குப் போட்டால் ஓர் உயிர் கூடுதலாகத் தங்குகிறது. மதிப்பெண் 8 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிட்ட கடும் காயங்களிலோ, மருந்து பெற்றவர்களில் 39.6 விழுக்காடு, பெறாதவர்களில் 40.1 விழுக்காடு என்று, வித்தியாசமே இல்லை எனச் சொல்லத்தக்க நிலை. பக்கவாதம், மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை இரு பிரிவிலும் ஒரே அளவில்தான் வந்தன. வலிப்பும் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. தீங்கு ஏறக்குறைய இல்லை, பயன் சிறியது, அந்தப் பயனும் இன்னும் முழுதாகச் சிதையாத மூளைக்கே என்பதுதான் நேர்மையான வாசிப்பு.

உட்பிரிவுகளைப் பிரித்துப் பார்த்து மகிழ்வதில் ஆபத்து உண்டு என்பதற்கு இதே ஆய்வு வரிசையின் முதல் ஆய்வே சாட்சி. தலைக்காயத்தில் வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாகப் பலரும் செய்துவந்த, பார்வைக்கு முழுக்க நியாயமாகத் தோன்றிய சிகிச்சை. 10,008 நோயாளிகளை வைத்துச் சோதித்தபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு என்று 2004இல் தெரியவந்தது. 'கொடுத்தால் என்ன கெட்டுவிடும்' என்ற மனநிலை எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்று அந்தக் கணக்கிலிருந்து யாரும் ஊகிக்கலாம். ஆகவே டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றியும் 'போட்டு வைப்போம்' என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை; யாருக்கு, எந்த நேரத்துக்குள் என்ற எல்லைகளோடுதான் பேச வேண்டும்.

அந்த எல்லைகளில் நேரமே முதலாவது. கிராஷ்-2 தரவுகளை 2011இல் நேரவாரியாகப் பிரித்தபோது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் ரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களிடம் அதே இறப்பு கூடியிருந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் பயனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைகிறது என்று 2018இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்தக் கடிகாரம் மருத்துவமனை வாசலில் ஓடத் தொடங்குவதில்லை. மண்டை அடிபட்ட நொடியிலேயே தொடங்கிவிடுகிறது.

இதைக் காவிரிப் படுகையின் சாலைகளோடு பொருத்திப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேதாரண்யத்துக்கு அருகே, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரில் இரவு எட்டு மணிக்கு ஒரு பைக் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல்லைக் காயவைத்து ஓரத்தில் கல் அடுக்கியிருக்கும் இடங்களிலும் இதே கதைதான். 108 வந்து ஏற்றிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வந்து சேரவே எட்டே முக்கால் ஆகிவிடும். அங்கே மூச்சுக்குழாயைக் கவனித்து, ட்ரிப்ஸ் ஏற்றி, விபத்துப் பதிவேட்டில் எழுதி, பரிந்துரைச் சீட்டு கொடுத்து அனுப்பும்போது ஒன்பதே கால். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சாலை குறுகல், ஊருக்கு ஊர் வேகத்தடை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறக்கி, ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோகும்போது பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். 'ஸ்கேன் பார்த்த பிறகு போடலாம்' என்று விட்டவருக்கு, படம் கையில் வரும்போது ஊசி போடுவதற்கான காலமே முடிந்துபோயிருக்கிறது.

திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் எல்லாரும் தஞ்சாவூருக்கே ஓட வேண்டியதில்லை என்பது உண்மை; கும்பகோணம், பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்தில் அடிபட்டவருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கடுமையாக இராது. முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்கேனும் அதைப் பார்த்துச் சொல்ல ஆளும் உறுதியாகக் கிடைக்கும் ஊரில் இருந்தால், ஸ்கேன் எடுத்துவிட்டுப் போடுவதில் பெரிய இழப்பில்லை. கடலோரத்துக்குப் போகப் போகத்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது.

ஸ்கேனுக்குக் காத்திருக்கச் சொல்பவர்களின் வலுவான வாதம் இது. கிராஷ்-3இல் ஜி.சி.எஸ். 12 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களை ஸ்கேன் இல்லாமலும் சேர்த்தார்கள். 13 முதல் 15 வரை இருந்தவர்களையோ, ஸ்கேனில் கசிவு தெரிந்தால் மட்டுமே சேர்த்தார்கள். ஆகவே மருந்து நன்றாக வேலை செய்த கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி, படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தலையில் புடைப்போடு, பேசிக்கொண்டே நடந்து வருகிற எல்லாருக்கும் இதே பயன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே கசிவே இராது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட தலைக்காய வழிகாட்டுதலும் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது: 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர், ஜி.சி.எஸ். 12 அல்லது குறைவு, உடலின் வேறு இடத்தில் ரத்தப்போக்கு இருப்பதாகத் தோன்றவில்லை, அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், ஸ்கேனுக்கு முன்பே இரண்டு கிராம் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. உடலிலும் பெருமளவு ரத்தப்போக்கு இருந்தால் கேள்வியே இல்லை. அங்கே கிராஷ்-2 ஆதாரமே போதும், உடனே போட வேண்டும். நடுவில் நிற்பவர்கள்தான் சிக்கல்: ஜி.சி.எஸ். 13 அல்லது 14, மீண்டும் மீண்டும் வாந்தி, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறார், அரைமணி நேரத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது தூக்கக் கலக்கம் கூடியிருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஸ்கேன் நடக்காது என்று தெரிந்தால் போட்டு அனுப்பலாம் என்பது என் கருத்து. வழிகாட்டுதல் அல்ல, கருத்து மட்டுமே. தீங்கு குறைவு என்ற ஆதாரமும், இப்படி மோசமாகிக்கொண்டு வருகிறவருக்குள் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அறிவும்தான் அதற்கு அடிப்படை.

நேரம் தெரியாதவர்களை விட்டுவிட வேண்டும். பேராவூரணிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவரைப் பக்கத்தில் நின்றவர் பார்த்திருப்பார். நேரம் துல்லியமாகக் கிடைக்கும். இரவெல்லாம் வாய்க்கால் மதகடியில் கிடந்து, காலையில் வயலுக்குப் போனவர் கண்ணில் பட்டவருக்கு என்ன நேரம் எழுதுவது? 'ரெண்டு மணி நேரம் இருக்கும் சார்' என்று கூட வந்தவர் சொல்வதைக் கேட்டு ஊசியை எடுப்பதைவிட, போடாமல் அனுப்புவதே மேல்.

அளவைப் பொறுத்தவரை இரண்டு வழிகள். கிராஷ் ஆய்வுகளில் ஒரு கிராம் பத்து நிமிடத்திலும், அடுத்த ஒரு கிராம் எட்டு மணி நேரச் சொட்டு மருந்தாகவும் கொடுக்கப்பட்டன. அமெரிக்க, கனடிய ஆம்புலன்ஸ்களில் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், இவ்வழியையும், இரண்டு கிராமை ஒரே தடவையில் கொடுப்பதையும், வெற்று மருந்தையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களின் விகிதத்தில், மருந்து பெற்ற இரு பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் உறுதியான வித்தியாசம் இல்லை. ஸ்கேனில் கசிவு தெரிந்தவர்களை மட்டும் எடுத்துப் பின்னர் ஆராய்ந்தபோது, இரண்டு கிராம் ஒரே தடவையில் பெற்றவர்களிடம் இறப்பு குறைந்திருந்ததாகத் தெரிந்தது. அதே பிரிவில்தான் வலிப்பும் கூடுதலாக, மற்றவற்றில் 2 விழுக்காடு என்றால் இதில் 5 விழுக்காடு, காணப்பட்டது.

தாளில் பார்த்தால் ஆதாரம் அதிகமுள்ளது ஒன்றும் ஒன்றுமான முறைதான். வார்டில் பார்த்தால் அப்படி இல்லை. எட்டு மணி நேரச் சொட்டு மருந்து, இரண்டு மருத்துவமனைகளுக்கும் ஒரு வண்டிக்கும் இடையில் பெரும்பாலும் தொலைந்துபோகிறது. வண்டியில் ஏற்றும்போது பாட்டில் கழற்றப்படும். ஸ்கேன் மேசையில் மறுபடி கழற்றப்படும். அறுவை அரங்குக்குப் போனால் வேறு திரவம் ஏறும். இரண்டாவது கிராம் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நீண்ட பயணம் உறுதியான இடங்களில், வலிப்பு நோய் இல்லாதவர்களுக்கு, இரண்டு கிராமையும் அங்கேயே முடித்து அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அரைமணிப் பயணம் என்றால் முதல் கிராமைக் கொடுத்து, அடுத்ததைப் பெரிய மருத்துவமனையிடம் விடலாம். ஒரு ஆம்பூலில் ஐந்து மில்லி, அதில் 500 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு இரண்டு ஆம்பூல், நூறு மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடம். சிரிஞ்சில் இழுத்து ஒரே மூச்சில் தள்ளினால் ரத்த அழுத்தம் சரியும், தலைக்காயத்தில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. ரத்தம் ஏறும் குழாயிலேயே இதைக் கலக்கக் கூடாது. ஒரு பக்கக் குறிப்பு: பிரசவ அறுவைக்கு முதுகில் போடும் மயக்க மருந்து ஆம்பூலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்து, தண்டுவடத்துக்குள் தவறாகப் போடப்பட்டு உயிர்போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இரண்டையும் ஒரே டிரேயில் வைப்பது கூடாது.

ஆம்புலன்ஸில் போடுவது நேரக் கணக்கில் எல்லாவற்றையும் வெல்கிறது. குளிர்பெட்டி தேவைப்படாத மருந்து. வண்டியில் வைப்பதிலும் சிரமமில்லை. ஆனால் ஆதாரம் கலங்கலாக இருக்கிறது. மேலே சொன்ன 2020ஆம் ஆண்டு ஆய்வு தெளிவான வெற்றியைத் தரவில்லை. கடும் காயமடைந்தோருக்கு மருத்துவமனைக்கு வருமுன்பே கொடுத்த பேட்ச் என்ற ஆய்வில், ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று 2023இல் தெரிந்தது. நெதர்லாந்தில் கடும் தலைக்காய நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், வழியில் மருந்து பெற்ற, தலையில் மட்டும் அடிபட்டவர்களிடம் இறப்பு கூடுதலாகவே இருந்தது. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்லாததால், மோசமாக இருந்தவர்களுக்கே மருந்து போயிருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு. நம் வண்டிகளில் மருத்துவர் இருப்பதில்லை, ஜி.சி.எஸ். பார்த்து, கண்மணி பார்த்து, நேரம் விசாரித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஓடும் வண்டியில் ஒற்றை அவசரச் சிகிச்சைப் பணியாளர் தலையில் கட்டுவதைவிட, அவர் மூச்சுக்குழாயையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொள்வதே இன்றைக்கு உகந்தது. தொலைபேசியில் மருத்துவர் சொல்ல, அவர் போடும் ஏற்பாடு வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

மாற்று மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தாம்சிலேட் ஊசியைப் பழக்கத்தால் பலர் சேர்த்துப் போடுகிறார்கள். தலைக்காயத்தில் அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. வைட்டமின் கே ஊசியும் அப்படித்தான், ஒரே ஒரு கூட்டத்தைத் தவிர. ரத்தம் உறைய உதவும் புரதமான செயலூட்டப்பட்ட ஏழாம் காரணி மிகுந்த விலையுள்ளது. தலைக்காயத்தில் அது இறப்பைக் குறைத்ததாகக் காட்டப்படவில்லை, கால் ரத்தக்குழாய் அடைப்பு பற்றிய கவலையும் உண்டு. பிளாஸ்மா வேண்டுமானால் ரத்த வங்கியும் உறைபெட்டியும் உருக்கிக்கொள்ள அரைமணி நேரமும் வேண்டும்.

அந்த ஒரே கூட்டம், ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இளவயதில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் நம் கிராமங்களில் குறைவல்ல. கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்த அறுபது வயது அம்மாளுக்கு, உறைவு கரைவது பிரச்சினை அன்று, உறைவு சரியாக உருவாகாததே பிரச்சினை. டிரானெக்சாமிக் அமிலம் மட்டும் அங்கே போதாது. வைட்டமின் கேயும், கிடைத்தால் ரத்தம் உறைய உதவும் புரதங்கள் அடங்கிய புரோத்ராம்பின் காரணித் தொகுப்பும், அது இல்லாவிட்டால் பிளாஸ்மாவும் தேவை. வால்வு இருப்பதால் மாத்திரையின் விளைவை எவ்வளவு திருப்புவது என்பதை இதய மருத்துவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆகவே முதல் மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்விகளில் 'என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?' என்பது நேரம் கேட்பதற்கு அடுத்தபடி நிற்கிறது. மாத்திரை அட்டையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்புவது பல சமயம் ஊசியைவிட உதவும்.

இரு கண்மணிகளும் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல், ஜி.சி.எஸ். 3இல் இருப்பவருக்கு இந்த ஊசியால் எதிர்பார்க்க ஏதுமில்லை. போடாததற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை, போட்டதைச் சொல்லி உறவினருக்கு நம்பிக்கை ஊட்டவும் கூடாது. மறுபக்கம், மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையில் தமனி கிழிந்து ரத்தம் தேங்கும் நோயாளிக்கு உயிரைக் காப்பது அறுவை மட்டுமே. ஊசி போட்டாயிற்று என்று அவரை அரைமணி நேரம் கூடுதலாக நிறுத்தி வைத்தால், ஊசி கொடுத்ததைவிடப் பன்மடங்கு இழப்பு. பத்து நிமிட மருந்து, வண்டி தயாராகும் நேரத்துக்குள் முடிய வேண்டியது. முடியாவிட்டால் வண்டியிலேயே ஓடட்டும். 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைப்பதால், பணத்துக்காக அலையும் நேரம் இந்தக் கணக்கில் சேர வேண்டியதில்லை.

பரிந்துரைச் சீட்டில் 'இன்ஜெக்ஷன் டிரானெக்சா கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி அனுப்புவது வழக்கமாகியிருக்கிறது. அடிபட்ட நேரம், ஊசி தொடங்கிய நேரம், எத்தனை கிராம், இரண்டாவது கிராம் பாக்கியா முடிந்ததா, அனுப்பும்போது ஜி.சி.எஸ். எவ்வளவு, கண்மணிகள் எப்படி என்ற ஆறும் அதில் இல்லாவிட்டால், அடுத்த மருத்துவமனையில் பணியில் இருப்பவர் ஒன்று மருந்தை மறுபடி போடுவார், அல்லது பாக்கியை விட்டுவிடுவார். சீட்டு மடித்து உறவினர் சட்டைப்பையில் போவதால், நேரத்தையும் கிராமையும் நோயாளியின் கையில் ஒட்டிய பிளாஸ்திரியிலும் பேனாவால் எழுதிவிடுவது நல்லது. சில செவிலியர்கள் யாரும் சொல்லாமலேயே இதைச் செய்கிறார்கள்.